இலவம்பஞ்சு

முல்லா வீதியில் இத்ரீஸின் அத்தாவுக்கு மெத்தைக் கடை.
இஷா தொழுகை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்குவோம்.
நாலு சுவரும் பஞ்சு, தலைக்கு மேலும் பஞ்சு.
எவ்வளவு கத்தினாலும் குரல் திரும்பி வராது,
சொன்னது சொன்ன இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.
வாடகை ஸ்டூடியோ மணிக்கு அறுநூறு ரூபாய்.
இங்கே மணிக்கு நாலு தும்மல்.

சுஹைல் வாயாலேயே தாளம் போடுவான்.
உதட்டில் டிரம், அடித்தொண்டையில் பேஸ்,
பல்லிடுக்கில் சலங்கை.
மேளம் கூடுமா கூடாதா என்று
அவன் பெரியத்தா வீட்டில் வருஷக்கணக்காய் வாதம்.
தஃப் மட்டும் ஆகும் என்றார் ஒருவர்,
அதுவும் நிக்காஹுக்குத்தான் என்றார் அடுத்தவர்.
"அவங்க முடிவுக்கு வர்றதுக்குள்ள
எனக்கு வாய் பழகிடுச்சு."

எழுதுவது நான்.
பகலெல்லாம் ஜிப்மர் லேபில்
ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன்.
கோரிமேட்டில் பஸ் ஏறி
ராஜா தியேட்டரில் இறங்குவதற்குள்
எட்டு வரி வந்துவிடும்.
உட்கார இடம் கிடைத்த நாளில்
ஒன்றும் வராது.

நல்ல கருத்து சொல்றீங்க என்கிறார்கள்.
பீச் ரோடு ஹோட்டல்காரரும் சொன்னார்:
"முஸ்லிம் பசங்க இப்படிப் பாசிட்டிவா பாடுறது நல்லாருக்கு."
எப்படிப் பாடுவோம் என்று நினைத்திருந்தார்,
அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
சனிக்கிழமை மேடை, பதினைந்தாயிரம்.
பின்னால் பீர் கம்பெனி பேனர்.
இத்ரீஸ் தலையணைக் கணக்கில் வகுத்துப் பார்த்தான்.
வேண்டாம் என்று சொல்ல
அவனுக்கு இரண்டு நாள் ஆனது.
எனக்கு மூன்று.

அந்த வாரம் பதிந்தது சாராயக்கடைப் பாட்டு.
அதில் என் வரி:
"சாக்கடை ஓரம் சாஞ்சவன் பாரு
சட்டைப் பையில நேத்து சோறு."
சுஹைல் சிரித்துவிட்டான், டேக் போனது.
அடுத்த டேக்கில் மூன்று பேரும் சிரித்தோம்.
மூலையில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த சவரிநாதன்
கோணூசியைத் துணியில் குத்தி நிறுத்தினான்.

"எங்கப்பா பையில சோறு இருக்காதுக்கா.
எங்கம்மாவோட மாத்திரைச் சீட்டு இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை.
ஆறுக்கு நாலு, ஆறுக்கு அஞ்சு என்று
அளவு சொல்கிற அதே குரல்.
"மருந்து வாங்கத்தான் கெளம்புவாரு" என்று சேர்த்தான்,
எங்களுக்கு உதவி செய்கிறவன் மாதிரி.
பிறகு மறுபடி தைக்கத் தொடங்கினான்.

ஜிப்மரில் அந்தச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.
மடித்து மடித்து நாலு துண்டாகப் பிரிந்து,
வியர்வையில் டாக்டர் கையெழுத்து ஊறி.
பார்த்தவள்தான் அந்த வரியையும் எழுதினேன்.
சோறுக்கு இயைபு பாரு.
அவ்வளவு சுலபமாக வந்தது.

வேறு வரி தேடினோம்.
அறிவுரை சொல்கிற வரி ஒன்று,
சவரியைத் தடவிக் கொடுக்கிற வரி ஒன்று,
இரண்டும் வாயில் நிற்கவில்லை.
மணி பன்னிரண்டரை.
இத்ரீஸின் அத்தா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
கடைசியில் அந்த இடத்தை விட்டுவிட்டோம்.
பதினாறு எண்ணிக்கை, சொல் இல்லை,
சுஹைலின் மூச்சு மட்டும்.
அதற்குள் டிக்கிங் துணியை ஊசி துளைக்கிற சத்தமும்
நூல் இழுபடுகிற சத்தமும் விழுந்திருந்தன.
எடுத்துவிடலாமா என்றான் இத்ரீஸ்.
யாரும் பதில் சொல்லவில்லை, இருந்துவிட்டது.

கேட்டவர்களில் பாதிப்பேர்
மைக்கில் கோளாறா என்று விசாரித்தார்கள்.
ஒரு பையன், காலாப்பட்டிலிருந்து,
அங்கேதான் நல்லா இருக்கு என்றான்.
சவரி கேட்டானா, தெரியாது.
அவன் அப்பா கேட்டாரா என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று தைத்த இரட்டை மெத்தை
மறுநாளே பாகூருக்குப் போனது, கல்யாண வீட்டுக்கு.
நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு
அதற்குள்தான் இருக்கிறது.
அதன் மேல் படுத்து
யாரோ இருவர் நன்றாகத் தூங்குகிறார்கள்.