உப்புப் பார்க்கிறன்

மச்சாள் ரொறன்ரோவில இருந்து அனுப்பின அவணுக்குள்ள
இப்ப அப்பளம் இருக்கு.
மாரி மழைக்கும் நமுத்துப் போறேல்லை.
அந்தளவுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி வீதிப் பாமசியில
மில்லிகிராமோட சீவியம்.
ஐந்நூறு, இருநூற்றைம்பது,
பாதி உடைச்சு இரவில ஒண்டு.
ஒரு புள்ளி இடம் மாறினால்
ஆரோ ஒருத்தற்ர நெஞ்சு தாளம் மாறும்.
அதனால பின்னேரம் கொக்குவிலுக்கு வந்து
செருப்பைக் கழட்டேக்கையே
தராசையும் வாசலில விடுறன்.

குசினியில எனக்கிருக்கிறது
ஒரு கை, ஒரு நாக்கு, ஒரு மண்சட்டி.
பாசையூர் பெனடிக்ற் சைக்கிளில கொண்டு வந்த விளைமீன்
எத்தனை கிராம் எண்டு அவருக்கும் தெரியாது.
"ரெண்டு பேருக்குக் காணும் பிள்ளை."
நாங்கள் மூண்டு பேர். காணும்.
சின்னவெங்காயம் வாடுமட்டும் வதக்க வேணும்.
வாட எவ்வளவு நேரம் எண்டால்
வெங்காயத்தைத்தான் கேட்க வேணும்.
தூள் இந்தமுறை ஒரு பிடி கூட வறுபட்டுப் போச்சு,
அதையும் மனசில வைச்சுப் புளி விடுறன்.
கப்பிப்பால் முதல், தடிச்ச பால் கடைசி.
நடுவில உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு
உப்புப் பார்க்கிறன்.
உறைப்புக் கூடினால் பால் இருக்கு.
உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு இருக்கு.
ரெண்டும் கூடினால்
இன்னும் ஒரு அகப்பை சோறு இருக்கு.
கறி கதைச்சுக் கதைச்சுத்தான் வேகும்.
பிழையைச் சொல்லும், திருத்தவும் விடும்.

கேக் அப்பிடியில்லை.

ஒன்பது வயசு வந்த அண்டைக்கு ஆரணி கேட்டாள்,
கடைக் கேக் வேண்டாம், நீங்கள் அடிச்சதுதான் வேணும்.
சீனியையும் பட்டரையும் வெளுக்குமட்டும் அடிச்சன்.
பாமசியில நிக்கிற மாதிரியே நிண்டு
மாவை நிறுத்தன்.
உள்ள வைச்சுக் கதவைச் சாத்தினன்.
அவ்வளவுதான்.
அதுக்குப் பிறகு நான் ஆரோ.

நாப்பது நிமிசமாம்.
கண்ணாடிக்கு முன்னால குந்தியிருந்தன்.
உள்ள மஞ்சள் வெளிச்சம்.
கையில கரண்டி, கிண்ட ஒண்டுமில்லை.
சாத்தின கதவுக்கு வெளியில
உள்ள என்ன நடக்குது எண்டு தெரியாமல்
ஒருத்தரும் மறுமொழி சொல்லாமல் காத்திருக்கிறது
இந்த ஊரில ஆருக்கும் புதுசில்லை.
ஒரு கேக்குக்கும் அப்பிடி இருக்க வேணுமோ?

இருபத்தாறாம் நிமிசம் திறந்து போட்டன்.
ஒரு விரற்கடைதான்.
"என்ன பாடு?" எண்டு கேட்கத்தான்.

அது ஒரு மூச்சு விட்டுது.
பிறகு நடு மெல்ல மெல்ல இறங்கிப் போச்சு.

"நிலாவரைக் கிணறு மாதிரிக் கிடக்கு" எண்டார் இவர்.
எட்டிப் பார்த்த ஆரணி
அழுறதோ சிரிக்கிறதோ எண்டு யோசிச்சு
அழுறதைத் தெரிஞ்செடுத்தாள்.

நான் சட்டியை எடுத்தன்.
பனங்கட்டி கரையுது.
அதுக்கு முதற்பால், ரெண்டு ஏலக்காய்,
நகநுனியில உப்பு.
உள்ளங்கையில ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் பால்.
ஆரணியின்ர உள்ளங்கையிலயும் ஒரு சொட்டு.
அவள் மூக்கை உறிஞ்சிப் போட்டு,
"இன்னும் கொஞ்சம் பனங்கட்டி" எண்டாள்.
சுடச்சுடக் கிணத்துக்குள்ள ஊத்தினன்.
குடிச்சுது. இன்னும் ஊத்தினன். குடிச்சுது.
எவ்வளவு எண்டால், அது போதும் எண்ட அளவு.

ஒன்பது மெழுகுதிரியும் கரையைச் சுத்தி நிண்டுது,
ரெண்டு தண்ணி அள்ள வந்த ஆக்கள் மாதிரிக் குனிஞ்சு.

முன்வீட்டு றெஜினா மூண்டாந்துண்டோட வந்து
பேனையும் கடுதாசியும் கேட்டா.
"அளவைச் சொல்லுங்கோ."

கனநேரம் யோசிச்சன்.
நிச்சயமாய்த் தெரிஞ்சது ஒண்டே ஒண்டுதான்.

"இருபத்தாறாம் நிமிசம்
கதவைத் திறவுங்கோ."