பட்டியலில் இல்லாத துடிப்பு

மார்ச் மாதம். உறைந்த கல்லவேசி ஏரியில்
முக்கோணமாய் அறுத்த ஓட்டை.
ஐலாவின் முகக்கண்ணாடி முழுக்கக்
கறுப்பு டேப்.
"அடியில் கண் உதவாது,
அந்தப் பழக்கத்தை மேலேயே விட்டுவிட்டுப் போ"
என்பார் ஒஸ்மோ.

கயிறு என் கையில்.
ஒரு இழுப்பு: நலம்.
இரண்டு: இன்னும் விடு.
மூன்று: கிடைத்தது.
நாலு என்றால் யோசிக்காதே, இழு.

பன்னிரண்டு மீட்டர் கீழே
மணல் அடைத்த பொம்மை,
ஏழு வயதின் எடை,
யார் வீட்டிலிருந்தோ வந்த மழைச்சட்டையோடு.

துழாவுகிறாள்.
அவள் மூச்சு என் பூட்ஸுக்கு அடியில்
பாதரசமாய் ஓடி
எங்கோ ஒட்டிக்கொள்கிறது.

மூன்று இழுப்பு.
ஆனால் ஆள் வரவில்லை.
தூண்டிலை மீன் முகர்வதுபோல்
கயிற்றில் சின்னச் சின்னத் துடிப்பு.
பட்டியலில் அப்படியொன்று இல்லை.
எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கைக்குள் வரவில்லை.
இறங்கத் தயாராய் ரெய்யோ
விளிம்பில் காலைத் தொங்கவிட்டான்.

வந்தாள்.
பொம்மையின் தலை அவள் தோளில்,
தண்ணீருக்கு மேலே.

"இரண்டு நிமிடம் அதிகம். ஏன்?"

டேப்பை உரித்துக்கொண்டே சொன்னாள்:
"ஜிப் திறந்திருந்தது."

ஒஸ்மோ எழுதப் போனார்,
நிறுத்தினார்.
குளிரில் மை உறைந்துவிட்டது என்றார்.
அவர் கையில் இருந்தது
பென்சில்.