பின்

இந்த ஊரில் பின் என்பது
முன்னால் வைக்கும் பொருள்.
ஆறு நாள் பின்வளவில் கிடக்கும்.
செவ்வாய் இரவு தெருவோரம் வரும்,
சக்கரம் வீட்டுப் பக்கம், மூடி தெருப் பக்கம்.
வந்த புதிதில் படம் போட்ட தாள் ஒன்று
தபால்பெட்டியில் கிடந்தது.

அப்போது வீட்டுக்கு ஒரே வாளிதான்.
லொறியின் வாலில் தொங்கியபடி இருவர் வருவார்கள்,
குதிப்பார்கள், ஓடுவார்கள்.
பெல்பேர்ட் தெரு மேட்டில் மூச்சிரைக்க
ஒருவன் எங்கள் வாளியை வலத்தோளில் ஏற்றிக் கவிழ்ப்பான்.
சியோனே, சியோனே என்று மற்றவன் அவசரப்படுத்தும் குரலில்
என் புதன்கிழமைகள் விடிந்தன.

பிறகு நாளிதழுக்கு ஒரு கூடை, போத்தலுக்கு ஒரு கூடை.
மழை பெய்தால் செய்தியெல்லாம் கஞ்சி.
பிறகு கூடைகள் போய் மஞ்சள் மூடி.
பிறகு புல்லுக்கும் இலைக்கும் பச்சை மூடி.
சிவப்பு மட்டும் வாராவாரம்.
மஞ்சளும் பச்சையும்
கதைபேச்சில்லாத ஓரகத்திகள்,
ஒருத்தி வாசலுக்கு வந்தால்
மற்றவள் உள்ளே இருந்துவிடுவாள்.

நாட்காட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
பார்ப்பவர் யாருமில்லை.
எதிர்வீட்டு மொரீன் டலி எதை வைக்கிறாளோ
அதையே ஹலீம் வைப்பார்,
ஹலீமைப் பார்த்து நாங்கள்,
எங்களைப் பார்த்து மூலைவீட்டு வியட்நாம்காரர்.
ஒன்பது மணிக்குள் தெருவுக்கு ஒரே நிறம்.

மொரீன் இடுப்பெலும்பு மாற்றப் போன வாரம்
எனக்கு இரவு வேலை.
ஐந்து மணிக்கே, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு,
மஞ்சளை உருட்டி வைத்துவிட்டுப் போனேன்.
பரிசோதனைக் கூடத்தில் விடியும்வரை
இரத்தக் குழாய்களை மூடி பார்த்துப் பிரித்தேன்:
ஊதா ஒரு தட்டு, பொன்நிறம் ஒரு தட்டு,
வெளிர்நீலம் உடனே போகவேண்டும்.
ஒரு பிழை இல்லை.

திரும்பி வந்தால்
இருபத்துமூன்று மஞ்சள் மூடிகள்,
காலைக்கூட்டத்துப் பிள்ளைகள் போல வரிசையில்.
அவற்றைத் தாண்டி
மெல்ல மெல்ல வருகிறது
பச்சைக்குரிய லொறி.

இப்போது ஓடுகிறவர்கள் இல்லை.
ஓட்டுகிறவர் ஒருவர், பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை.
கை நீளவேயில்லை.
எங்கள் வீட்டின் முன் கண்ணாடியை இறக்கினார்.
நரைத்த தாடி.
வலத்தோள் இடத்தோளைவிட
இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.
"யாரோ ஒருவர் முதலில் வைத்திருப்பார்" என்றார்.
"இருக்கும்" என்றேன்.
பெயரைக் கேட்டிருக்கலாம்.

நவம்பர்.
ஜக்கரண்டா கொட்டிக்கொண்டே இருக்கும் மாதம்.
வெட்டிய புல்லும் ஊதாப் பூவும்
பச்சை வாளிகளில் மேலும் இரண்டு வாரம் வெந்தன.
நள்ளிரவில் ஜன்னலைத் திறந்தால்
பழங்கள் மணத்தது தெரு.
ஹலீம் வேலிக்கு மேலால் எட்டி
எங்கள் வெண்டிக்குப் போடச்சொல்லி
ஒரு சாக்குப் புல் தந்தார்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்
பத்து மணியாகியும் யாரும் முந்தவில்லை.
திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன.
நான் நாட்காட்டியை விரல் வைத்துப் படித்தேன்,
பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.
மஞ்சள்தான். நிச்சயமாக மஞ்சள்.
ஆனாலும் கால் எழும்பவில்லை.

அப்போது இருட்டில்
யாருடையதோ ஒரு சக்கரம்
சீமெந்தில் கடகடவென்று இறங்கியது.
சத்தத்தில் நிறம் தெரியவில்லை.
நான் செருப்பைத் தேடினேன்.