நீலக் கிண்ணம்

அண்ணன் டூகல் கடலுக்குள் போன இரண்டாம் நாள்
தொட்டி மூடியின் இடப்பக்கக் கொக்கியை
மாட்ட மறந்தேன்.
ஒரே ஒரு கொக்கி.
ஒன்றரை மீட்டர் பார்பராவுக்கு
அதுவே வாசல், அதுவே ராஜபாட்டை.

சோளப்பாம்பு. நஞ்சில்லாதவள்.
ஃபிரீசர் எலியை வெந்நீரில் இளக்கி
இடுக்கியால் நீட்டினால்தான்
வாய் திறப்பாள். ஏழு வருடமாக இப்படித்தான்.

எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து
தினமும் அழைப்பான்.
எப்படி இருக்கிறாள்?
நன்றாக இருக்கிறாள் என்பேன்,
துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால்
டார்ச்சோடு மண்டியிட்டபடி.
படம் அனுப்பு என்பான்.
பழையதில் ஒன்றைத் தேடி அனுப்புவேன்.
பொய்க்குக் கால் இல்லை என்கிறார்கள்.
பாம்புக்கும்தான் இல்லை,
போகாமலா இருக்கிறது?

மாண்ட்ரோஸில் செப்டம்பர்.
கடற்பனி எட்டு மணிவரை
தோட்டத்தை விட்டு நகராது.
கூஸ்பெர்ரிப் புதரடியில்,
உருளைக்கிழங்கு வளர்க்கும் பழைய குளியல் தொட்டிக்குள்,
பார்பரா, பார்பரா என்று கூப்பிட்டேன்.
பாம்புச் செவி என்று யார் சொன்னார்களோ.
அதற்குச் செவித்துளையே கிடையாது என்று
டூகல் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.
இருந்தும் கூப்பிட்டேன்.
வேறு என்ன செய்ய?

வேலிக்கு மேல் கில்கிரைஸ்டின் தொப்பி.
"இன்னும் வரவில்லையா பார்பரா?"
இல்லை.
"சண்டை போட்டீர்களா?"
இல்லை.
"கையில் காசாவது இருக்கிறதா அவளிடம்?"
பாம்பென்றால் படையும் நடுங்கும்.
கில்கிரைஸ்ட் ஒற்றை ஆள்,
நெஞ்சில் பேஸ்மேக்கர் வேறு.
கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

பதின்மூன்றாம் நாள் காலை
கிழங்குத் தோலைக் கொட்டப் போய்
கம்போஸ்ட் குவியலை மூடிய கம்பளத்தை விலக்கினேன்.
ஆவி எழுந்தது.
தேயிலைப் பைகள், முட்டை ஓடு,
கறுத்துப்போன ருபார்ப் இலை,
நடுவில் ஒரே சுருளாக உரித்த
ஆரஞ்சுப் பழத்தோல்.
இந்த வாரம் ஆரஞ்சு வாங்கினேனா என்ன
என்று குனிந்தேன்.
தோல் நாக்கை நீட்டியது.

நடு உடம்பில் ஒரு முடிச்சு.
வயல் எலி.
யாரும் இளக்கித் தராதது,
ஓடியிருக்கும், கீச்சிட்டிருக்கும்.
சாப்பிட்டவளை அசைத்தால் கக்கிவிடுவாள் என்பதால்
தளும்பத் தளும்ப சூப் கிண்ணம் ஏந்துவதுபோல
இரண்டு கையாலும் எடுத்து நடந்தேன்.
என்னை அடையாளம் கண்டாள் என்றெல்லாம்
சொல்லமாட்டேன்.
மணிக்கட்டில் சூடு இருந்தது, சுற்றிக்கொண்டாள்.

கில்கிரைஸ்ட் பார்த்துவிட்டார்.
சரிந்து விழுவார் என்று பயந்தேன்.
மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.
"இவள்தானா?" என்றார்.
பிறகு, வெகுநேரம் கழித்து,
"வெளியே போய் உடம்பு தேறியிருக்கிறாள்."

வெள்ளிக்கிழமை டூகல் வந்தான்.
ஹெலிகாப்டர் இன்னும் காதுக்குள் சுற்ற
உரக்கப் பேசினான்.
பையை இறக்காமல் தொட்டியருகே போய்
நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.
"அந்த நீலத் தண்ணீர்க் கிண்ணம்
கிறிஸ்துமஸுக்கு நான் போட்டு உடைத்தது.
நீ அனுப்பிய அத்தனை படத்திலும்
முழுசாக இருந்தது."

தெரிந்துமா தினமும் கேட்டாய்?

"கேட்பதை நிறுத்தியிருந்தால்
எனக்குத் தெரியும் என்று
உனக்குத் தெரிந்துவிடுமே."
கெட்டிலைப் போடச் சொன்னான்.
பன்னிரண்டு மணிநேரம் தூங்கினான்.

இப்போது இரண்டு கொக்கி,
மேலே ஒரு செங்கல்.
தோட்டத்துப் பக்கம் தலைவைத்துக் கிடக்கிறாள்.
இளக்கி வைத்த எலியை
இந்த வாரம் அவள் தொடவில்லை.