கலக்காத குப்பி

வேலந்தாவளம் எடைமேடையில்
தேங்காய் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் மாசிலாமணிக்கு
கண்ணில் பழுத்த பூவரசிலையின் நிறம்.
பதினோரு நாளாகச் சொறிந்த முன்கையெல்லாம் கோடு.
"கட்டஞ்சாயா மாதிரிப் போகுது சிஸ்டர்.
உள்ள ஒரு லோடு குறுக்கே நிக்குது, அவ்வளவுதான்.
இழுத்து விட்டுருங்க."

அவர் மனைவி ருக்மாத்தாள் சிரிக்கவில்லை.
அவளுக்கு என் தட்டின் மேல்தான் கண்:
ஒரு குப்பி, அடியில் வெள்ளைப் பொடி,
உறை பிரிக்காத சிரிஞ்சு.
"இதைப் போடலீங்களா?
எங்கண்ணனுக்குக் கோயமுத்தூர்ல
உள்ள கொண்டுபோறதுக்கு முந்தியே போட்டாங்க.
காசுன்னா கட்டிப்போடறனுங்க."

காசில்லை அம்மா.
எனக்கும் அதுதான் பழக்கம்.
கொழிஞ்சாம்பாறைக்கு வருமுன் ஆறு வருடம்
குழாய் தொண்டையில் இறங்குமுன்னே
எல்லாருக்கும் ஒன்று போட்டேன்,
கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல,
கேட்காமல்.
டாக்டர் ஷீபாதான் நிறுத்தினார்.
"முழுக்க வடிஞ்சா வேண்டா.
வடியலைன்னா உடனே.
பக்கத்துல வை, கலக்காதே."

ஈய அங்கி தோளை அழுத்துகிறது.
திரையில் சாயம் ஏற
இலையுதிர்ந்த முருங்கையாய் ஒரு நிழல்.
கூடைக்கம்பி ஒரு கல்லை இழுத்தது, இன்னொன்றை.
மூன்றாவது உடைந்து
வெல்லத்தூளாய் வந்தது.
பின்னாலேயே பித்தம், கரும்பச்சையாய், தாராளமாய்.
மாசிலாமணியின் லோடு இறங்கிவிட்டது.
குப்பியைத் திருப்பி வைக்கக் கை நீட்டினேன்.

"நில்லு."

இடப்பக்கக் கிளை ஒன்று
சாயத்தை வாங்கிக்கொண்டது,
திருப்பித் தரவில்லை.
ஐந்து நிமிடம். பத்து.
ஒரு சிறு குழாயை வைத்துப் பார்த்தார். பாதிதான்.
"கலக்கிக்கோ, ஜெசிந்தா."

உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினேன்
தெளியும்வரை.

இரவு இரண்டரை.
போன ஆடியில் இதே கட்டிலில்
குளிர்காய்ச்சலில் ஒருவர் நடுங்க
கட்டிலின் இரும்பு கடகடத்த சத்தம்
இன்னும் என் காதில்தான் இருக்கிறது.
அவருக்கும் பாதிதான் வடிந்திருந்தது.
யாரும் குப்பியைத் தேடவில்லை அன்று.

மாசிலாமணியின் போர்வைக்குள் கைவிட்டேன்.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.
குறட்டை வேறு.

ருக்மாத்தாள் விழித்தே கிடந்தாள்.
"முந்தியே போட்டிருந்தா?"
"தெரியலைங்க" என்றேன்.
அவள் அதை நம்பியதுபோலத்தான் இருந்தது.
டாக்டர் சொல்வதை அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

விடியுமுன்பே கள்ளு வண்டிகள்
கேன் குலுங்கத் தெற்கே போயின.
எட்டரைக்கு அடுத்த ஆள், நல்லேப்பிள்ளியிலிருந்து,
இருபத்தாறு வயசுப் பெண், ஒரே கல்.

தட்டில் புதுக் குப்பியை வைத்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
பொடி பொடியாகவே இருந்தது.