சூசி

வாடிப்பட்டி தாலுகா ஆபீசுக்கு மூன்று வாரம் நடந்து
வாங்கிவந்த தாளில்
கோபுர முத்திரைக்குக் கீழே இருக்கிறது:
மேற்படி நபரின் பிறப்பு பதிவாகவில்லை.
நான் பிறக்காததற்கு
அறுபது ரூபாயும் இரண்டு டீயும் செலவு.

குவைத் ஆஸ்பத்திரிக்கு இது ஆகாது என்றார் ஏஜென்ட்.
பிறந்தாக வேண்டும்,
அதுவும் பதினைந்தாம் தேதிக்குள்.

கையில் இருப்பது பள்ளிக்கூடச் சான்று.
சுசீலா, த/பெ முனியாண்டி, 1.6.1987.
ஒண்ணாப்புக்கு அஞ்சு வயசு ஆகணுமே என்று
பெரிய வாத்தியார் விரல்விட்டு எண்ணிப் போட்ட தேதி.
அம்மாவின் கணக்குப்படி
அன்றைக்கு நான் அவள் வயிற்றில்
ஒரு ராத்திரி வயசு,
அதுவும் சந்தேகம்தான்.

மதம் என்னவென்று வாத்தியார் கேட்டபோது
அப்பா ஏற்கெனவே மாதாவைச்
செருப்போடு சேர்த்து வாசலில் விட்டிருந்தார்.
இந்து என்றார். சாதியைச் சொன்னார்.
அதில் பொய் இல்லை.
சாமி மாறியும் தெரு மாறவில்லை,
கோயிலுக்குள்ளும் எங்களுக்கு இடது ஓரம்தான்,
கல்லறைத் தோட்டத்திலும் நடுவே ஒரு சுவர்.
எல்லாம் மாறிவிட்டதாக நம்புவது
சர்க்கார் மட்டும்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி
பங்குக் கோயிலுக்குப் போனேன்.
மதலைமுத்து அண்ணன் பீரோவைத் திறந்து
எடுத்து வந்தார் எண்பத்தெட்டை.
பழைய காதணி விழா ஃப்ளெக்ஸில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி.
ஃப்ளெக்ஸில் சிரித்த பிள்ளைக்கு
இப்போது கல்யாண வயசிருக்கும்.

எண் 47.
சூசையம்மாள். தகப்பன் சின்னப்பன்.
பிறந்தது மார்ச் பதினொன்று, வெள்ளி.
ஞானஸ்நானம் இருபது.
ஞானத்தாய் பெயரில் மை ஊறிப்போயிருந்தது.
தவக்காலத்து வெள்ளியில், சிலுவைப்பாதை பாதியில்
அம்மாவுக்கு வலி கண்டது என்பார்கள்;
எத்தனையாவது விழுதலில் என்று
அதில் எழுதவில்லை.

முப்பத்தாறு வருஷம் கழித்து
என் பிறந்தநாளை முதன்முதலாக எழுத்தில் பார்க்கிறேன்.
நீல மை. சாமியாரின் சாய்வான கையெழுத்து.
அதன்மேல் விரல் வைக்கலாமா என்று கேட்க வாய் வந்தது.
ஈரக்கை இல்லையே என்றார் அவராகவே.

நகல் இருபது ரூபாய்,
மத்தியானம் ஃபாதர் கையெழுத்துப் போடுவார் என்றார்.

நர்சிங் சீட்டு வந்தது எந்தக் கட்டத்தை நிரப்பி,
ஜி.எச்.சில் வேலை எந்த வரிசையில்,
எல்லாம் அவருக்கும் தெரியும்.
அவர் மகன் கோயிலில் பெலிக்ஸ்,
மின்வாரியத்தில் பழனிவேல்.
நான் பிறந்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி
என்மேலேயே கேஸ் போடக்கூடிய சாட்சி.

வேண்டாம்ணே, பாக்கத்தான் வந்தேன் என்றேன்.
அவர் தலையாட்டினார். மூடவில்லை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.
பள்ளிச் சான்றைக் காட்டி,
நோட்டரி முன் சத்தியம் செய்து,
போன செவ்வாய்க்கிழமை
ஆர்.டி.ஓ. கையெழுத்தில் பிறந்தேன்,
1.6.1987 அன்று, சுசீலாவாக.
போனில் சொன்னதும் அம்மா கேட்டாள்:
வந்துருச்சா சூசி?
இரண்டு பெயருக்கும் பொதுவாக
அவள் எப்போதோ வெட்டி வைத்துக்கொண்டது அது.

அன்றைக்குப் புத்தகத்தைக் கட்டும் முன்
மதலைமுத்து அண்ணன்
பக்கத்தின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.
திருமணம்: காலி.
இறப்பு: காலி.
மதுரை ரிஜிஸ்தர் ஆபீசில்
பாலமேட்டுக்காரருக்கு மாலை போட்டுப் பன்னிரண்டு வருஷம்,
பிள்ளைகள் இரண்டு.
இங்கே நான் இன்னும் குமரி.

விட்டுப்போச்சு போல, எழுதிறவா தாயி?

பென்சில்ல எழுதுங்க என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
மேசை டிராயரை இழுத்து
பென்சில் தேட ஆரம்பித்தார்.