ஏழரை வோல்ட்

நாகப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால்
அருளப்பனின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை.
ஈயம் உருகும் வாசனைக்கும் கருவாட்டுக்கும் நடுவே
மூன்று ஃபஸ் பெடல்களைத் தரையில் வைத்தார்.
மிதிச்சுப் பாரு, என்றார். பேசாத.

முதலாவது சிவப்பு.
மிதித்ததும் கடித்தது.
வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.
பேஸின் தடித்த கம்பியைத் தட்டினால்
மேலே ஒரே ஆர்ப்பாட்டம், அடியில் ஆளில்லை.
நண்டு வளை வைத்த வரப்பு இப்படித்தான்:
நடந்தால் தாங்கும்,
ராத்திரியோடு ராத்திரியாகத்
தண்ணீரெல்லாம் அடுத்தவன் வயலில்.

இரண்டாவது சாம்பல் நிறம், வெளிநாட்டுச் சரக்கு.
சுத்தமான ஒலியையும் கிழிந்த ஒலியையும்
கலந்துகொள்ள அதில் தனியாக ஒரு குமிழ்.
அடித்தொனி அப்படியே நிற்கிறது,
மேலே பதமாய்க் கொஞ்சம் சொரசொரப்பு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லாத மாப்பிள்ளைகளை
எங்கள் பாடகி தையல்நாயகி
மூன்று முறை வேண்டாமென்றிருக்கிறாள்.
காரணம் கேட்டால் அதையே சொல்வாள்.
விலை பதினாலாயிரத்து ஐந்நூறு.
அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதற்குப் பெயரே இல்லை.
அலுமினியச் சாப்பாட்டு டப்பா,
மூடியில் இரண்டு குமிழ்,
ஒன்றின் பக்கத்தில் நெயில் பாலிஷில் "சத்தம்",
மற்றதன் பக்கத்தில் "இன்னும்".
யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராதது.
மிதித்தேன்.
நாலு வயல் தள்ளி, நடுச்சாமத்தில்
டீசல் இன்ஜின் ஓடுமே,
காதில் விழுமுன் குதிகாலில் விழுமே,
அது.
கம்பியை விட்ட பிறகும்
ஒலி கொஞ்சம் தள்ளாடி, இருமி,
உட்கார இடம் தேடி அடங்கியது.
இரண்டாயிரத்து இருநூறு. பேரம் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

தலைஞாயிறு வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே இருந்தது.
வீட்டுக்கு வந்து புது பேட்டரி போட்டேன்.
மிதித்தேன்.
டப்பாவுக்குள் அடைத்த ஈ.

ஒரு மணி நேரம் குமிழ்களோடு மல்லுக்கட்டிவிட்டு
போன் போட்டேன். அருளப்பன் சிரித்தார்.
"புதுசா போட்ட? அதான்.
கடையில கெடந்தது ரெண்டு வருசத்துப் பழசு.
மீட்டர் வச்சா ஏழரை காட்டும்.
ஒம்போது வோல்ட்டுல அது ஒழுங்கா வேல செய்யும்.
ஒனக்கு ஒழுங்கா வேணுமா?"

ஏழரை வேண்டுமென்று வேண்டிக்கொண்டவன்
திருநள்ளாறு இருக்கிற இந்தப் பக்கத்தில்
நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தேய்ந்த பேட்டரி எந்தக் கடையிலும் விற்பதில்லை.
இரண்டு நாள் கழித்துத்தான் கார்ட்லெஸ் மைக் ஞாபகம் வந்தது.
தையல்நாயகி பாடி முடித்ததும்
அமிர்தகடேசன் பேட்டரியைக் கழற்றி
ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார்.
எதற்கென்று அவருக்கும் தெரியாது.
டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாய் மீட்டர் வைத்தேன்.
எட்டே கால்: மழையில் பாதியில் நின்ற கோயில் கச்சேரி.
ஆறு: திருத்துறைப்பூண்டி கல்யாணம்,
விருப்பப் பாட்டு கேட்டே அவளைக் கொன்றார்கள்.
ஏழரை. ஏழு நாற்பது. ஏழரை.

மேட்டூர் திறந்து, கல்லணையில் பிரிந்து,
மேலே இருக்கிறவனெல்லாம் பாய்ச்சி முடித்து
எங்கள் கடைமடை மதகுக்கு வரும் தண்ணீரும்
வேகமில்லாமல், கலங்கலாய்,
ரெண்டு தவளையோடுதான் வரும்.
போதாதென்று கலெக்டருக்கு மனு எழுதுவோம்.
எழுதிவிட்டு அதிலேயே நாற்றும் விடுவோம்.

போன வெள்ளிக்கிழமை வாய்மேட்டில் கச்சேரி.
மூன்றாவது பாட்டில் மிதித்தேன்.
மேடைப் பலகை அதிர்ந்தது.
சோடா பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று
அமிர்தகடேசன் கீபோர்டிலிருந்து முறைத்தார்.
தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள்,
தன் குரலை எங்கோ கேட்டவள் மாதிரி.
இல்லை, அது நான் சேர்த்துச் சொல்வது.
கொசு கடித்திருக்கும்.

இடைவேளையில் வந்து
என் உள்ளங்கையில் ஒரு பேட்டரியை வைத்தாள்.
"டின்னுல எடுக்குறது நீதான்னு தெரியும்.
இதுல ஒரு சரணம் மிச்சம் வச்சிருக்கேன்."

மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
ஏழு அறுபது.